போதிக்கு ஏழு துணைகள்: போஜ்ஜங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போஜ்ஜங்கம் என்பது என்ன?

போதி, அதாவது முழு மெய்யறிவு, கைகூட வேண்டுமானால் மனத்தில் வளர்க்க வேண்டியவை என்று புத்தர் சொன்ன ஏழு பண்புகள். வடமொழியில் போத்யங்கம் என்பார்கள். விழிப்பு (ஸதி), தம்ம ஆராய்வு (தம்மவிசயம்), ஊக்கம் (வீரியம்), உவகை (பிரீதி), தணிவு (பஸ்ஸத்தி), ஒருமை (சமாதி), நடுநிலை (உபேக்கை) ஆகியவை அந்த ஏழும். பௌத்த மறைநூலான பாளித் திரிபிடகத்தில், சம்யுத்த நிகாயம் என்ற நூலின் 46ஆம் தொகுதி முழுக்க இவற்றைப் பற்றியதுதான். நான்கு விழிப்பு நிலைகள், ஐந்து வலிமைகள், எட்டு அங்கப் பாதை என்று நீளும் 37 போதிபக்கிய தம்மங்களுக்குள்ளும் (போதிக்குத் துணையான பண்புகள்) இந்த ஏழு வருகின்றன.

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. எப்போது எதைக் கையில் எடுப்பது என்பதில்தான் சிக்கல். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியவை.

இந்த ஏழும் எதற்கு எதிராக நிற்கின்றன?

ஐந்து தடைகளுக்கு. பாளியில் நீவரணம். புலன் ஆசை, பகை, மந்தமும் உறக்கமும், பரபரப்பும் கழிவிரக்கமும், ஐயம் என ஐந்து. தடைகள் அறிவை மங்கச் செய்கின்றன, போஜ்ஜங்கங்கள் அறிவைத் தெளியச் செய்கின்றன என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசும் சுத்தங்கள் (திரிபிடகத்தில் உள்ள போதனை உரைகள்) பல உண்டு. ஒரு சுத்தம் இன்னும் கூர்மையாக, இரண்டுக்கும் தனித்தனியே 'ஆகாரம்' உண்டு என்கிறது. கவர்ச்சியான ஒன்றை முறையில்லாமல் மனத்தில் அசைபோட்டுக்கொண்டே இருப்பது ஆசைக்கு ஆகாரம். நல்லது எது, தீயது எது என்று முறையாகச் சிந்திப்பது ஆராய்வுக்கு ஆகாரம். ஆகாரம் கிடைக்காதது மெலியும்.

தடைகளை விடு, நல்ல குணங்களை வளர் என்று எல்லாச் சமயமும் சொல்கிறதே. புத்தர் சொன்னதில் என்ன புதிது?

இதே கேள்வியைப் புத்தர் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள். சாவத்தி நகரில் பிட்சைக்குக் கிளம்பிய பிக்குகள் சிலர், நேரம் இன்னும் ஆகவில்லையே என்று பிற சமயப் பரிவிராஜகர்களின் (ஊர் ஊராக அலையும் துறவிகள்) தங்குமிடத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர்கள், "ஐந்து தடைகளை விடுங்கள், ஏழு போஜ்ஜங்கங்களை வளருங்கள் என்றுதானே உங்கள் கோதமர் சொல்கிறார்? நாங்களும் அதையேதான் சொல்கிறோம். அவருக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டார்கள். பிக்குகளுக்குப் பதில் வரவில்லை. திரும்பி வந்து புத்தரிடம் கேட்டார்கள்.

அவர் தந்த பதில் இது. அப்படிக் கேட்பவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: மனம் மந்தமாகக் கிடக்கும்போது எந்தப் போஜ்ஜங்கத்தை வளர்க்க வேண்டும், எதை வளர்க்கக் கூடாது? மனம் பரபரத்துக் கிடக்கும்போது எதை வளர்க்க வேண்டும், எதை வளர்க்கக் கூடாது? அவர்களால் சொல்ல முடியாது.

பிறகு அவரே விளக்கினார். மனம் மந்தமாக இருக்கும்போது தணிவு, ஒருமை, நடுநிலை மூன்றும் காலமல்லாக் காலத்தவை. அணையப் போகும் சிறு நெருப்பை வளர்க்க நினைப்பவன் அதில் ஈரப் புல்லையும் ஈரச் சாணத்தையும் ஈர விறகையும் போட்டு, நீர் தெளித்து, மண்ணை அள்ளிக் கொட்டினால் நெருப்பு வளருமா? அந்த நேரத்துக்கு ஆராய்வு, ஊக்கம், உவகை மூன்றும்தான் காய்ந்த விறகு. மனம் பரபரக்கும்போது கணக்கு அப்படியே தலைகீழ். கொழுந்துவிட்டு எரிவதை அணைக்க நினைப்பவன் காய்ந்த விறகை எடுக்கக் கூடாது. அப்போது தணிவும் ஒருமையும் நடுநிலையும் வேண்டும்.

விழிப்பு இந்த இரண்டு பக்கத்திலும் சேரவில்லை. அது எப்போதும் எங்கும் பயன்படுவது என்று சொல்லி அந்தச் சுத்தத்தை முடிக்கிறார்.

நல்ல குணம் எப்போதும் நல்லதுதான் என்று நாம் சாதாரணமாக எண்ணிக்கொள்கிறோம். அமைதியும் ஒருமுகமும்கூட நேரம் தவறினால் கெடுதல் என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். என்னைக் கேட்டால் போஜ்ஜங்கப் போதனையின் உயிர் இந்த ஒரே சுத்தத்தில் இருக்கிறது.

மந்தமா, பரபரப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்குத்தான் விழிப்பு. தியானத்தில் உட்கார்ந்தவுடன் மூச்சு எங்கே போனது என்றே தெரியவில்லை, தலை சரிகிறது, இனிமையான ஒரு மூட்டத்தில் கிடக்கிறோம் என்றால் மந்தம். மூச்சு தெளிவாகத் தெரிகிறது, ஆனால் நேற்றுப் பேசியதும் நாளைக்குச் செய்ய வேண்டியதும் அதைவிடத் தெளிவாகத் தெரிகின்றன என்றால் பரபரப்பு. ஏமாற்றுவது முதலாவதுதான். அமைதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்காக மந்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. அவர்களிடம் போய் "மனத்தைத் தளர விடுங்கள்" என்று சொன்னால் எரிகிற கொஞ்ச நெருப்பும் போய்விடும்.

ஏழும் படிப்படியாக வருமா, அல்லது வேண்டியதை எடுத்துக்கொள்வதா?

இரண்டும் நூலில் இருக்கிறது. மூச்சுத் தியானம் பற்றிய ஆனாபானஸதி சுத்தம் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதாகச் சொல்கிறது. விழிப்பு நிலைத்தால் கண்டதை மனம் ஆராய்கிறது. ஆராயும்போது ஊக்கம் எழுகிறது. ஊக்கமுள்ள மனத்தில் உவகை பிறக்கிறது. உவகையால் உடலும் மனமும் தணிகின்றன. தணிந்த மனம் ஒருமைப்படுகிறது. ஒருமைப்பட்ட மனத்தை இனி இழுக்கவோ தள்ளவோ வேண்டாம் என்று நடுநிலையில் பார்த்திருப்பது கடைசி.

புத்தரின் தலைமைச் சீடரான சாரிபுத்தர் வேறு மாதிரி பேசுகிறார். அரசனுடைய ஆடைப் பெட்டியில் பல நிற ஆடைகள் இருக்கும். காலைக்கு ஒன்று, நண்பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று விரும்பியதை எடுத்து உடுத்திக்கொள்வான். அதுபோல, ஏழில் எதில் எந்தப் பொழுதில் நிலைத்திருக்க விரும்புகிறேனோ அதில் நிலைத்திருக்கிறேன் என்கிறார். இது கைதேர்ந்தவரின் பேச்சு. தொடங்குகிறவருக்குப் படி வரிசை உதவும். கொஞ்ச நாளில் அந்த வரிசை தானாகக் குலைந்துபோவதைப் பார்ப்பீர்கள், அதில் தவறில்லை.

தம்ம ஆராய்வு என்றால் நூல்களைப் படிப்பதா?

அதுவும் சேரும், ஆனால் அது மட்டும் இல்லை. இப்போது மனத்தில் எழுந்தது நல்லதா தீயதா, இது எதனால் எழுந்தது, எதனால் போகிறது என்று கண்முன் நடப்பதையே துருவிப் பார்ப்பதுதான் முக்கியமான ஆராய்வு. கோபம் வந்தால் "கோபப்படக் கூடாது" என்று அதட்டுவதல்ல. கோபம் நெஞ்சில் எப்படி ஏறுகிறது, எந்த நினைப்பு அதற்கு எண்ணெய் ஊற்றுகிறது, ஊற்றாவிட்டால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது.

மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த பாளி நூலில் இதைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. எத்தனை போஜ்ஜங்கங்களால் ஒருவர் போதி அடைகிறார் என்று அரசன் கேட்கிறான். ஒன்றே ஒன்றால், தம்ம ஆராய்வால் என்கிறார் நாகசேனர். பிறகு ஏன் ஏழு என்கிறீர்கள் என்றால், அது இல்லாமல் மற்ற ஆறும் சேர்ந்தாலும் வேலை நடக்காது என்பது பதில். இன்றைய தியான வகுப்புகளில் காதில் அதிகம் படாத போஜ்ஜங்கமும் இதுவே என்பது விந்தைதான்.

தியானப் பயிற்சியை விரித்துச் சொல்லும் 'விசுத்திமக்கம்' என்ற பாளி நூலை எழுதிய புத்தகோசர் ஆராய்வு வளர ஏழு வழி சொல்கிறார். முதல் வழி, கேள்வி கேட்பது. இரண்டாவது, உடம்பையும் உடையையும் இருப்பிடத்தையும் சுத்தமாக வைத்துக்கொள்வது! விளக்கும் திரியும் அழுக்காக இருந்தால் வெளிச்சமும் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கமும் தருகிறார்.

ஊக்கம் எவ்வளவு வேண்டும்?

சோணர் என்ற பிக்கு பெரும் செல்வர் வீட்டுப் பிள்ளை. ராஜகிருகத்தின் சீதவனத்தில் நடைத் தியானம் செய்து செய்து அவருடைய உள்ளங்கால் கிழிந்து இரத்தம் வந்தது. இவ்வளவு செய்தும் விடுதலை கிட்டவில்லை, வீட்டில் செல்வம் இருக்கிறது, திரும்பிப் போய் அனுபவித்துக்கொண்டு தானதருமம் செய்யலாமே என்று நினைத்தார். புத்தர் வந்து, "முன்பு நீ வீணை வாசிப்பாய் அல்லவா?" என்று கேட்டார். நரம்பை மிகவும் முறுக்கினால் இசை வருமா? தளர்த்திவிட்டால்? இரண்டும் இல்லாமல் சுதி சேர்ந்தால்தானே இசை? ஊக்கமும் அப்படியே என்றார். பின்னர் சோணர் அரகந்தர், அதாவது முழு விடுதலை அடைந்தவர், ஆனார்.

கதையைப் படிக்கும் பலரும் இதைச் சோம்பலுக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள். வீணையில் நரம்பு தளர்ந்திருப்பதும் குற்றம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பௌத்தம் துக்கத்தைப் பேசும் சமயம். அதில் உவகைக்கு என்ன வேலை?

துக்கத்தைப் பேசுவது அதிலிருந்து விடுபடுவதற்காக. உண்ணாமல், மூச்சை அடக்கி, எலும்பும் தோலுமாக ஆகும் வரை, புத்தராவதற்கு முன் சித்தார்த்தர் தம்மை வருத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்போது சிறுவயதில் தந்தை வேலையில் ஈடுபட்டிருக்க, தாம் நாவல் மர நிழலில் உட்கார்ந்து முதல் தியான நிலையை எய்தியது நினைவுக்கு வந்தது. புலன் ஆசையோடும் தீமையோடும் சேராத அந்த இன்பத்துக்கு நான் ஏன் அஞ்ச வேண்டும் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். இதுவே வழியாக இருக்கலாம் என்று தோன்றியது. இவ்வளவு மெலிந்த உடலோடு அது கிட்டாது என்று சோறு உண்டார். கூட இருந்த ஐந்து தவசிகளும், கோதமர் சுகவாசியாகிவிட்டார் என்று அருவருத்து அவரை விட்டுப் போனார்கள். அந்தப் பாதையில் போனவர்தான் போதி அடைந்தார்.

இந்த உவகை பொருள் கிடைத்ததால் வருவதல்ல. விசுத்திமக்கம் ஐந்து வகை சொல்கிறது: மயிர்க்கூச்செறிய மட்டும் செய்யும் சிறு உவகை, மின்னல்போல் கணத்தில் வந்து போவது, கரையில் அலை மோதுவதுபோல் உடலில் மோதி மோதி உடைவது, உடலையே தூக்கிவிடும் எழுச்சி, உடல் முழுக்க நிரம்பி நிற்பது. வளர்க்கும் வழிகளாகப் புத்தர், தம்மம், சங்கம், தம் ஒழுக்கம், தாம் கொடுத்த கொடை ஆகியவற்றை நினைந்து பார்ப்பதைச் சொல்கிறார்கள். தாம் செய்த நல்லதை நினைத்து மகிழலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. அதை ஒரு பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். முரட்டு மனிதர்களின் சகவாசத்தை விடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது.

தணிவுக்கு என்ன செய்வது?

உவகை அடங்கும்போது தானாக வரும். அது போக, நல்ல உணவு, ஒத்துக்கொள்ளும் தட்பவெப்பம், உடலுக்கு வசதியான இருக்கை என்று புத்தகோசர் எழுதுகிறார். கால் மரத்துப்போனாலும் அசையாமல் உட்காருவதே பெருமை என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஒருமையும் தணிவும் ஒன்றுதானா?

இல்லை. தணிவு என்பது உடலும் மனமும் பதற்றம் விட்டு இளகுவது. ஒருமை என்பது இளகிய மனம் ஒரே பொருளில் நிலைகொள்வது. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குத் தணிவு இருக்கும், ஒருமை இருக்க வேண்டும் என்பதில்லை.

நடுநிலை என்றால் எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருப்பதா?

இந்தக் குழப்பம் பழையது. அறியாமையால் வரும் நடுநிலை என்று ஒன்றைப் பிரித்துக் காட்டி, அது உண்மையான நடுநிலைபோலவே தோற்றம் தந்து ஏமாற்றும் பகை என்று உரைகாரர்கள் எச்சரிக்கிறார்கள். எதுவும் புரியாததால் எதுவும் பாதிக்காமல் இருப்பது அது. போஜ்ஜங்க நடுநிலை மற்ற ஆறும் சமமாக வேலை செய்யும்போது வருவது. ஊக்கம் கூடவில்லை, ஒருமை அமுக்கவில்லை, ஆகவே கைவைக்க வேண்டாம் என்று அறிந்து பார்த்திருப்பது. வீட்டில் ஒருவர் அழும்போது "எல்லாம் அநித்தியம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவதற்கு இந்தப் பெயரை வைப்பது பாவம்.

இந்தக் குணங்களால் ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. விசுத்திமக்கத்தின் 20ஆம் அத்தியாயத்தில் விபசனையை (உள்ளதை உள்ளபடி காணும் தியானம்) கெடுக்கும் பத்துக் களங்கங்கள் வருகின்றன. ஒளி, ஞானம், உவகை, தணிவு, சுகம், உறுதியான நம்பிக்கை, ஊக்கம், விழிப்பு, நடுநிலை, பற்று. ஏழு போஜ்ஜங்கங்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் திரும்ப வந்து நிற்கின்றன! குணங்கள் தம்மளவில் குற்றமல்ல. "ஆகா, எனக்கு வந்துவிட்டது, இதுதான் விடுதலை" என்று பிடித்துக்கொள்வதில்தான் கெடுகிறது.

அங்கேயே ஒரு கதை. இலங்கையில் மகாநாகர் என்ற தேரர் (மூத்த பிக்கு) தாம் அரகந்தர் என்றே நம்பியிருந்தார். அவரிடம் கற்ற தம்மதின்னர் என்ற தேரர், தம் ஆசிரியர் இன்னும் சாதாரண மனிதரே என்று அறிந்து அவரைப் பார்க்க வந்தார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆசிரியர் அருமையாகப் பதில் சொன்னார். இந்த நிலை வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்றதற்கு 60 ஆண்டு என்றார். "அப்படியானால் ஒரு யானையைப் படைத்துக் காட்டுங்கள்." வெள்ளை யானை ஒன்றைத் தம் சித்தியால் படைத்தார். "அது காதை விரித்து, வாலை நீட்டி, துதிக்கையை வாயில் வைத்துப் பிளிறிக்கொண்டு உங்களை நோக்கி ஓடி வரட்டும்." அப்படியே செய்தார். வந்த வேகத்தைப் பார்த்ததும், தாமே படைத்த யானை என்பதையும் மறந்து, எழுந்து ஓடப் பார்த்தார். தம்மதின்னர் அவர் சீவர ஓரத்தைப் பிடித்து நிறுத்தி, "ஐயா, ஆசவங்கள் (மன மாசுகள்) அற்றவருக்கு அச்சம் உண்டா?" என்று கேட்டார்.

ஆசிரியர் அதே இடத்தில் சீடரின் காலடியில் அமர்ந்து, எனக்குத் துணையாக இரு என்றார் என்பது எனக்கு யானையைவிட வியப்பு. 60 ஆண்டுப் பெயரை ஒரு நொடியில் இறக்கி வைத்திருக்கிறார். சீடர் தந்த தியானப் பொருளோடு நடக்கத் தொடங்கி, மூன்றாம் அடியில் உண்மையாகவே அரகந்தர் ஆனார் என்று கதை முடிகிறது.

நோயாளி முன் போஜ்ஜங்கம் ஓதுகிறார்களே, நோய் தீருமா?

இலங்கையிலும் மியன்மாரிலும் தாய்லாந்திலும் இந்த வழக்கம் இருக்கிறது. இலங்கையில் பிரித் (காப்புக்காகச் சுத்தங்களை ஓதும் சடங்கு) ஓதும்போது இதைக் கேட்கலாம். இதற்கு வேர் மூன்று சுத்தங்கள். பிப்பலிக் குகையில் புத்தரின் சீடர் மகாகஸ்ஸபர் நோயுற்றுக் கிடக்கிறார். வலி கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்கிறார். புத்தர் ஏழு போஜ்ஜங்கங்களையும் எடுத்துச் சொல்ல, கேட்டு மகிழ்ந்து நோய் நீங்கி எழுகிறார். ராஜகிருகத்தின் கழுகுக் குன்றில் இன்னொரு சீடர் மொக்கல்லானருக்கும் அவ்வாறே. மூன்றாவதில் நோயாளி புத்தர். ராஜகிருகத்து மூங்கில் வனத்தில் படுத்திருந்தவர், பார்க்க வந்த மகாசுந்தர் என்ற பிக்குவிடம், "சுந்தா, போஜ்ஜங்கங்களைச் சொல்" என்கிறார். தாம் போதித்ததையே இன்னொருவர் வாயால் கேட்டு எழுகிறார்.

மூவருமே இந்த ஏழையும் முழுமையாக வளர்த்தவர்கள். கேட்டதும் உள்ளே இருந்தது கிளர்ந்தது என்று கொள்ளலாம். மருந்துக்குப் பதிலாக இதை வைக்கச் சொல்லி எங்கும் இல்லை. பிக்குகளின் ஒழுங்கு நூலான விநயத்தில் மருந்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது, நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றைப் பிக்குகளுக்கு மருந்தாக அனுமதித்தவர் புத்தர். ஜீவகர் என்ற வைத்தியரிடம் அவரே மருந்து எடுத்திருக்கிறார்.

பாரமிகளும் இவையும் ஒன்றா?

வேறு. பாரமி என்பது போதியை நாடுபவர் நிறைவாக்க வேண்டிய பண்பு. பாளி நூல்களைப் பின்பற்றும் தேரவாதப் பிரிவில் பாரமி பத்து: தானம், சீலம், துறவு, ஞானம், வீரியம், பொறுமை, வாய்மை, உறுதி, மைத்திரி, உபேக்கை. மகாயானத்தில் முதன்மையாக ஆறு. அவை பல பிறவிகளில் சேர்ப்பவை, பிறரோடு வாழும் வாழ்க்கையில் வளர்பவை. போஜ்ஜங்கங்கள் தியானத்தில் இருக்கும் மனத்தின் வேலை. வீரியமும் உபேக்கையும் இரண்டிலும் வருகின்றன.

தமிழகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற தேரருடன் தங்கியிருந்ததை ஓர் உரையின் முடிவில் குறிப்பிடுகிறார். அவர் காலத்தவரான புத்ததத்தர் சோழ நாட்டவர். மன இயல்புகளை வகுத்துரைக்கும் 'அபிதம்மாவதாரம்' காவிரிப்பூம்பட்டினத்தில் எழுதப்பட்டது. மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் ஆசைக்கு ஒரு மருந்து, செற்றத்துக்கு மைத்திரியும் கருணையும் முதிதையும், மயக்கத்துக்குக் கேள்வியும் சிந்தனையும் பாவனையும் தரிசனமும் என்று நோய்க்கேற்ற மருந்தாகப் பிரித்துச் சொல்கிறார். ஏழின் பட்டியல் அங்கே இல்லை, ஆனால் மனத்தைப் பார்த்துக் கைமருந்து தேடும் அந்தப் போக்கு ஒன்றே.

மைண்ட்ஃபுல்னஸ் ஆப் ஒன்று போதாதா?

ஆப்பில் கிடைப்பது பெரும்பாலும் விழிப்பும் கொஞ்சம் தணிவும். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-ஜின் மருத்துவமனை நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து பரவியது இது. மன அழுத்தம் குறைய உதவுகிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆராய்வு இல்லாத விழிப்பு பௌத்தப் பாதையில் பாதி தூரம்கூட வராது என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

இல்லறத்தாருக்கு இது ஆகுமா?

போஜ்ஜங்கப் பகுதி அடங்கிய, நான்கு விழிப்பு நிலைகளைச் சொல்லும் சதிபட்டான சுத்தத்தைப் புத்தர் குரு நாட்டின் கம்மாசதம்மம் என்ற ஊரில் சொன்னார். ஏன் அந்த நாட்டில் என்பதற்கு உரையாசிரியர் ஒரு காரணம் தருகிறார். அங்கே வேலைக்காரர்கள்கூட இதையே பேசுவார்களாம். தண்ணீர்த் துறையிலும் நூல் நூற்கும் இடத்திலும், "அம்மா, நீ எந்த விழிப்பைப் பழகுகிறாய்?" என்று பெண்கள் கேட்டுக்கொள்வார்கள். ஒன்றுமில்லை என்றால், உயிரோடு இருந்தும் செத்தவள் மாதிரி இருக்கிறாயே என்று கடிந்து, ஒன்றைக் கற்றுத் தருவார்கள். பழகுகிறேன் என்றால் வாழ்த்துவார்கள்.

பிக்குணிகளிடம் வளர்ந்த கிளி ஒன்றும் அந்தக் கதையில் வருகிறது. அதற்குச் சொல்லிக் கொடுத்த பாடம், "எலும்பு, எலும்பு." ஒரு நாள் பருந்து கவ்விக்கொண்டு போக, இளம் பிக்குணிகள் கூச்சலிட்டு மீட்டார்கள். பருந்தின் பிடியில் என்ன நினைத்தாய் என்று மூத்த பிக்குணி கேட்டார். "ஓர் எலும்புக்கூடு இன்னோர் எலும்புக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது, எங்கே சிதறுமோ என்று நினைத்தேன்" என்றதாம் கிளி.